குதிரையேறுவோருக்குத் தனிக் காப்புறுதி வேண்டுமா?



குதிரையின் குணமறிந்துதான் ஆண்டவன் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்பது நம் முன்னோர் வாக்கு. கொம்பில்லாமலே அது செய்யக்கூடிய சேதம் போதும் என்பது அதன் உட்கிடை. வளர்ந்த சவாரிக் குதிரையொன்று ஏறக்குறைய 500 கிலோகிராம் நிறையுடையது. மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடவல்லது. இத்துணை வலிமை படைத்த விலங்கு இயல்பிலே அச்சம் மிகுந்தது என்பதுதான் வியப்பு. கொடிய விலங்குகளுக்கு இரையாகாமல் ஓடித் தப்பிய குலத்தில் வந்ததாகையால், காற்றிலே பறக்கும் கடதாசித் துண்டொன்றும் அதன் கண்ணுக்குப் பகையாகத் தோன்றும். தோன்றிய கணமே அது ஓட்டமெடுக்கும். முதுகில் இருப்பவன் சொல்லைக் கேட்பது அதற்குப் பின்னர்தான்.

இத்தகைய விலங்கின்மீது ஏறிச் செல்பவர் தமக்கெனத் தனிக் காப்புறுதி செய்துகொள்ள வேண்டுமா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் வினா. எமது நாட்டில் குதிரையேறுவோர் மிகச் சிலரே. நுவரெலியாவுக்குச் செல்வோர் கிறகரி வாவிக் கரையில் மட்டக்குதிரையேறி மகிழ்வதுண்டு; அம்மட்டே. ஆனால் நம்மவருள் எத்தனையோ குடும்பங்கள் இன்று இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் குடியேறி வாழ்கின்றன. அந்நாடுகளில் குதிரையேற்றம் சிறுவர் சிறுமியரும் வாரந்தோறும் பயிலும் பொழுதுபோக்கு. ஆதலின் அந்நாடுகளின் சட்டத்தையும் வழக்கத்தையும் கொண்டே இதனை ஆராய்வது பொருத்தமாகும்.

குதிரையால் நேரக்கூடிய இழப்பு மூவகைப்படும். பிறருக்கு நேரும் தீங்கு ஒன்று. ஏறியவருக்கே நேரும் தீங்கு மற்றொன்று. குதிரைக்கு நேரும் நோயும் சாவும் மூன்றாவது. புதிதாகக் குதிரை வாங்கியவரைக் கேட்டால், மூன்றாவதையே முதலில் நினைப்பார். பெரும் பொருள் கொடுத்து வாங்கியது செத்துப்போனால் என் செய்வது என்பதே அவர் கவலை. அரிமர்த்தன பாண்டியன் பொன்னைக் கொடுத்துப் பெற்ற பரிகள் விடிவதற்குள் நரிகளான கதையை நாமெல்லாம் அறிவோம். அந்த அரசனுக்கு உண்டான நட்டம் பெரிதுதான்; எனினும் அதற்கு ஓர் எல்லை இருந்தது. கொடுத்த பொன் எவ்வளவோ அவ்வளவே நட்டம். முதல் இரண்டு வகை இழப்புக்கோ எல்லையே இல்லை. ஆகவே அவற்றையே முதலில் நோக்குதல் வேண்டும்.

பிறருக்கு நேரும் தீங்கை எடுத்துக்கொள்வோம். "நான் கவனமாகக் குதிரை வளர்ப்பவன்; என்மீது எவரும் குற்றம் சொல்ல முடியாது; பிறகு காப்புறுதி எதற்கு?" என்று கேட்பவர் உளர். நியாயமான கேள்வியே. ஆனால் இங்கிலாந்தின் சட்டம் இதற்கு அளிக்கும் விடை அவருக்கு உவப்பாக இராது.

1996 ஆம் ஆண்டில் ஓர் இரவு, டெவன் மாவட்டத்தில் வேலியிட்ட வயலொன்றில் நின்ற மூன்று குதிரைகள் எதற்கோ மிரண்டன. எதற்கு மிரண்டன என்பது இறுதிவரை தெளிவாகவில்லை. மிரண்ட குதிரைகள் மின்கம்பி வேலியையும் மரவேலியையும் உடைத்துக்கொண்டு பெருந்தெருவுக்கு ஓடின. அவ்வழியே வந்த மோட்டார்க் காரொன்றின்மீது ஒரு குதிரை மோதியது. காரைச் செலுத்தியவர் கடுங்காயமுற்றார். வழக்கு நீதிமன்றம் சென்றது. வேலி போதுமானதே, குதிரைக்காரர் கவனக்குறைவாக நடந்தனர் என்பதற்கில்லை என்று நீதிமன்றம் கண்டது. அவ்வளவில் அவர்கள் தப்பினார்களா? இல்லை. அக்காலத்தில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபை 2003 ஆம் ஆண்டில் தீர்ப்புக் கூறியது. ஐந்து நீதிபதிகளுள் மூவர் காயமுற்றவர் பக்கமும் இருவர் குதிரைக்காரர் பக்கமும் நின்றனர். குதிரைக்காரரே நட்டஈட்டுக்குப் பொறுப்பு என்று முடிந்தது.

இதற்கு அடிப்படையாயமைந்தது 1971 ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம். ஒரு விலங்கு தீங்கு செய்தால் அது கடுமையான தீங்காயிருத்தல் கூடும் என்ற நிலையும், அதற்குக் காரணமான குணம் அவ்வின விலங்குகளிடம் சாதாரண வேளைகளில் காணப்படாது குறித்த சில வேளைகளில் மட்டும் தோன்றுவதென்ற நிலையும், அக்குணத்தை வைத்திருப்போர் அறிந்திருந்தனர் என்ற நிலையும் ஒருங்கே சேருமாயின், அவர்மீது கவனக்குறைவு என்ற குற்றம் இல்லாதபோதும் பொறுப்பு வந்து சேரும். மிரண்ட குதிரை தறிகெட்டு ஓடும் என்பது குதிரை வைத்திருப்போர் யாவரும் அறிந்ததே. ஆகவே கவனமாயிருத்தல் விபத்தைக் குறைக்கும்; பொறுப்பை முற்றாக நீக்காது. இஃது ஒன்றே இன்றைய வினாவுக்கு விடையில் பெரும்பகுதி என்பது என் கருத்து.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இச்சட்டத்தின்படி பொறுப்புடையவர் குதிரையின் சொந்தக்காரர் மட்டுமல்லர். அதனைத் தம் வசம் வைத்திருப்பவரும் ஆவர். நண்பரின் குதிரையை இரவல் வாங்கி வைத்துப் பராமரிப்பவரும் அதனுள் அடங்கக்கூடும். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சொந்தமான மட்டக்குதிரை தீங்கு செய்தால், அக்குடும்பத் தலைவரே பொறுப்பாளியாவார். "பிள்ளையின் குதிரைதானே" என்று தந்தை ஒதுங்கி நிற்க இயலாது.

ஜேர்மனியின் சட்டம் இதனினும் நேரானது. 1900 ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறையிலிருக்கும் அந்நாட்டுக் குடியியற் சட்டக்கோவையின் 833 ஆம் பிரிவு, விலங்கு செய்த தீங்குக்கு அதனை வைத்திருப்பவர் நட்டஈடு கொடுக்க வேண்டுமென விதிக்கிறது. பிழைப்புத் தொழிலுக்காக வளர்க்கும் விலங்காயின், தக்க கவனம் எடுத்ததை மெய்ப்பித்துத் தப்பலாம். பொழுதுபோக்குக்காக வளர்க்கும் குதிரைக்கு அந்த வாயிலும் இல்லை. அங்குள்ளோர் பலரிடம் தனியாள் பொறுப்புக் காப்புறுதி உண்டு. பூனை போன்ற சிறு வளர்ப்புப் பிராணிகள் அதனுள் அடங்கும். ஆனால் சொந்தக் குதிரை பொதுவாக அடங்காது. அதற்கெனத் தனிப் பத்திரம் எடுக்க வேண்டும். "என்னிடம் ஏற்கெனவே காப்புறுதி உண்டு" என்று ஆறுதல் கொள்வோர் பத்திரத்தை எடுத்து ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நன்று.

மோட்டார் வாகனம் செலுத்துவோர் பிறருக்கு நேரும் தீங்குக்காகக் காப்புறுதி செய்தே ஆகவேண்டுமென இங்கிலாந்து 1930 ஆம் ஆண்டின் சட்டத்தால் விதித்தது. எமது நாட்டிலும் அவ்விதி உண்டு. அதே தெருவில் குதிரையேறிச் செல்பவருக்கு இங்கிலாந்தில் அத்தகைய கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லையென்றால் பொறுப்பும் இல்லையென்று எண்ணிவிடலாகாது. 2022 ஆம் ஆண்டில் திருத்திய அந்நாட்டு வீதி ஒழுங்குக் கோவை, குதிரையைக் கடந்து செல்லும் வாகனங்கள் மணிக்கு 10 மைலுக்கு மேற்படாத வேகத்தில், குறைந்தது 2 மீற்றர் இடைவெளி விட்டுச் செல்ல வேண்டுமென்று கூறுகிறது. வாகனக்காரருக்கு இவ்வளவு எச்சரிக்கை வேண்டுமென்றால், குதிரைமீதிருப்பவருக்கு எவ்வளவு வேண்டும்!

இனி, ஏறியவருக்கே நேரும் தீங்கைப் பார்ப்போம். கீழே விழுந்து எலும்பு முறிந்தால் குதிரையின் சொந்தக்காரர் பணம் கொடுப்பார் என்று சிலர் நம்புகின்றனர். 2012 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று இந்நம்பிக்கையைத் தகர்க்கிறது. பிறர் குதிரையொன்றை அனுபவம் மிக்க பெண்மணியொருவர் ஏறிச் சென்றார். குதிரை திடுக்குற்றுத் துள்ளி அவரை வீழ்த்தியது. குளம்பு முகத்திற்பட்டுக் கடுங்காயம் உண்டாயிற்று. எனினும் அவருக்கு நட்டஈடு கிடைக்கவில்லை. ஆபத்தை அறிந்து தாமாக ஏற்றுக்கொண்டவருக்கு விலங்கை வைத்திருப்பவர் பொறுப்பல்லர் என்ற விதி அதே 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. குதிரை துள்ளும் என்பது தெரிந்துதானே ஏறினீர் என்பது சட்டத்தின் கேள்வி. அதற்கு விடை சொல்வது எளிதன்று.

இங்கிலாந்தில் அரசாங்க வைத்தியம் இலவசமாகக் கிடைக்கும்; எமது நாட்டிலும் அவ்வாறே. ஆனால் வைத்தியசாலை காலைக் கட்டும். வீட்டு வாடகையைக் கட்டாது. ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாதவரின் குடும்பம் எதை உண்ணும் என்பதே கேள்வி. இலவச வைத்தியமில்லாத நாடுகளிலோ நிலைமை இன்னும் கடுமை. சுப்பர்மான் வேடம் தாங்கிப் புகழ்பெற்ற அமெரிக்க நடிகர் கிறிஸ்தோபர் றீவ், 1995 ஆம் ஆண்டு மே 27 ஆம் நாள் வேர்ஜீனியாவில் நடந்த குதிரையேற்றப் போட்டியில், தாண்டவேண்டிய தடையின்முன் குதிரை திடீரென நின்றமையால் தலைகீழாக விழுந்தார். கழுத்தின் மேலெலும்புகள் முறிந்து, உடல் முழுதும் உணர்விழந்து, மூச்சு விடுவதற்கும் இயந்திரத்தை நாடவேண்டியவரானார். 2004 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அக்காலத்து அமெரிக்க வைத்தியக் காப்புறுதிகள் பலவற்றில், ஒருவரின் ஆயுள் முழுதுக்கும் 10 இலட்சம் டொலர் என்ற எல்லை இருந்தது. அதனை 1 கோடி டொலராக உயர்த்த வேண்டுமென்று அவர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வாதாடினார். அத்தகைய ஆயுள் எல்லைகளை அமெரிக்கா சட்டத்தால் விலக்கியது 2010 ஆம் ஆண்டிலேதான். செல்வமும் புகழும் படைத்தவரையே வாட்டிய செலவு, மாதச் சம்பளக்காரரை என்ன செய்யும்?

அப்படியானால் குதிரைமீது கால் வைக்கும் யாவரும் தனிப் பத்திரம் எடுக்க வேண்டுமா? அவ்வாறு கூறுவது மிகை. இங்கிலாந்தில் அனுமதி பெற்ற சவாரிப் பள்ளிகள் தம் பொறுப்புக்காகக் காப்புறுதி செய்திருக்க வேண்டும். தம்மிடம் குதிரை வாங்கி ஏறுவோரால் பிறருக்குத் தீங்கு நேர்ந்தால் அதற்கும் அக்காப்புறுதி ஈடுசெய்ய வேண்டும் என்பது விதி. ஆகவே ஆண்டுக்கொரு முறை பள்ளிக் குதிரையில் ஏறுபவருக்குப் பிறர்பொருட்டு வேறு பத்திரம் அவசியமன்று. தாமே விழுந்தால் தம் வருவாய்க்கு வழி என்ன என்பதை மட்டும் அவர் எண்ணினாற் போதும். இரவற் குதிரையை ஒழுங்காக ஏறுபவரும், சொந்தக் குதிரை உடையவரும் அவ்வாறிருக்க இயலாது. அவர்களுக்குத் தனிக் காப்புறுதி வேண்டும் என்றே கூறுவேன். 1947 ஆம் ஆண்டில் தோன்றிய பிரித்தானியக் குதிரைச் சங்கம் தன் உயர்நிலை உறுப்பினருக்கு, பிறருக்கு நேரும் தீங்குக்கான காப்பையும் தமக்கு நேரும் விபத்துக்கான காப்பையும் உறுப்புரிமையுடனேயே வழங்கி வருகிறது. குதிரையையே அறிந்தவர்கள் எவ்விரண்டை முதன்மையாகக் கருதினர் என்பது இதனாற் புலனாகும்.

பத்திரம் எடுக்குமுன் கேட்டறிய வேண்டியவை சில உள. பிறர் என் குதிரையில் ஏறும்போது காப்பு உண்டா? பிறர் குதிரையில் நான் ஏறும்போது உண்டா? போட்டிகளும் தடைதாண்டலும் அடங்குமா? பணம் பெற்றுப் பிறருக்குக் கற்பித்தால் காப்பு நீங்குமா? தலைக்கவசம் அணியாவிடின் நட்டஈடு மறுக்கப்படுமா? இவற்றிற்கு எழுத்தில் விடை பெற்ற பின்னரே கையொப்பமிடுதல் அறிவுடைமை.

இறுதியாக ஒன்று. காப்புறுதி விழுகிறவரைத் தாங்கிப் பிடிப்பதில்லை. நல்ல சேணமும், உறுதியான கடிவாளமும், தலைக்கவசமும், குதிரையின் மனமறிந்த பயிற்சியுமே அதனைச் செய்யும். அவை யாவும் இருந்தும் ஒருநாள் விபத்து நேரலாம். அன்று காயமுற்றுக் கிடப்பவர், வழியே சென்ற முன்பின் அறியாத ஒருவராகவும் இருக்கலாம். அவருக்குரிய நட்டஈட்டைக் கொடுக்க நம்மிடம் பொருள் இல்லையாயின், நம் மகிழ்ச்சிக்கு அவர் விலை கொடுத்தவராவார். பிறருக்கு நேரும் தீங்குக்கான காப்பு முதலாவது. தம் உடலுக்கும் வருவாய்க்குமான காப்பு இரண்டாவது. குதிரையின் விலைக்கான காப்பு மூன்றாவது. இவ்வரிசையை மனத்திற்கொண்டு குதிரையேறுவோர் அச்சமின்றி ஏறலாம்.