சாடிச் செடியும் கைத்தொலைபேசியும்



யாழ்ப்பாணத்தில் வளவு நிறையப் பூமரம் வளர்த்தவர்கள் பலர், இன்று வெள்ளவத்தை மாடிவீடுகளில் நான்கு பூச்சாடிகளோடு மனநிறைவு காண்கின்றனர். வளவில் நின்ற செடி தன் வேரை ஆழ ஓட்டி நீர் தேடிக்கொண்டது. சாடிச் செடிக்கோ ஒரு சாண் மண்ணே உலகம். அதன் உயிர் வளர்ப்பவர் கையிலேயே இருக்கின்றது. அந்தக் கைக்குத் துணையாகக் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றை ஆக்க இளைஞர் பலர் விரும்புகின்றனர். அவர்கள் முதலில் அறிந்திருக்க வேண்டியது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

செடியை இனங்காணுதல் இன்று அரிய காரியமன்று. பிரான்சு நாட்டு ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய பிளான்ட்நெட் என்னும் செயலி, 2013ஆம் ஆண்டு முதல் படத்தைப் பார்த்துச் செடியின் பெயரைக் கூறி வருகின்றது. இடர்ப்பாடு பெயர் தெரிந்த பின்னரே தொடங்குகின்றது. மூன்று நாளுக்கு ஒருமுறை நீர் ஊற்றுமாறு மணியடித்து நினைவூட்டுவதே செயலியின் கடமையென்று பலர் எண்ணுகின்றனர். செடி நாட்காட்டி பார்ப்பதில்லை. சுட்ட மண்சாடியின் பக்கங்களால் ஈரம் கசிந்து உலரும். பிளாஸ்டிக் சாடியில் அங்ஙனம் உலராது. சோளகம் வீசும் ஆனி மாதத்தில் யாழ்ப்பாணம் வறண்டு கிடக்கக் கொழும்பிலே மழை பெய்யும். இச்சிறு தீவுக்குள்ளேயே ஒரே அட்டவணை பொருந்தாதெனின், குளிர்நாட்டில் வகுத்த அட்டவணை நமக்கு எங்ஙனம் பொருந்தும்?

சாடிச் செடிகள் நீரின்றி மடிவதிலும் நீர் மிகுந்து மடிவதே அதிகம். வேரும் சுவாசிக்கின்றது. மண்துணிக்கைகளின் இடைவெளிகளில் உள்ள காற்றிலிருந்தே அது ஒட்சிசனைப் பெறுகின்றது. அவ்விடைவெளிகளில் நீர் ஓயாது நிறைந்து நிற்பின் வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சமாட்டாது. ஆகவே இலை வாடும். வாடிய இலையைக் கண்டவர் தாகமென எண்ணி மேலும் ஒரு செம்பு ஊற்றுவார். அன்பினாலேயே செடி மடிகின்றது.

இலண்டன் வைத்தியர் நதானியேல் வாட் 1829ஆம் ஆண்டில் ஒரு போத்தலை மூடி வைத்தார். உள்ளிருந்த ஈரமண்ணில் ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்தன. மண்ணிலிருந்து எழுந்த நீராவி கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணையே சேர்ந்தது. ஒருவரும் நீர் ஊற்றாமலே அவை ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன. பின்னர் மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே புகுந்தமையாலேயே அவை அழிந்தன.

ஆதலால், ‘நீர் ஊற்றுக’ என்று செயலி சொல்லலாகாது. ‘விரலை இரண்டு அங்குலம் மண்ணில் அழுத்திப் பாருங்கள்’ என்றே சொல்லவேண்டும். ஈரம் உண்டென்று விடை வந்தால், அடுத்த நினைவூட்டலை இரண்டு நாள் பின்தள்ளுக. முற்றாக உலர்ந்து இலையும் தொய்ந்திருந்தால் முன்தள்ளுக. இவ்வாறு சில வாரங்களில் அந்தச் சாடிக்கும் அந்த யன்னலுக்கும் உரிய கணக்கைச் செயலி தானே கற்றுக்கொள்ளும். செய்நிரல் எழுதுவோருக்கு இது கடினமன்று. இலை வாடியதென்று ஒருவர் முறையிட்டால், மண்ணின் நிலையைக் கேளாமல் மருந்து கூறாதிருத்தலும் வேண்டும். ஒன்று சொல்வேன்: செயலியை நாள்தோறும் எத்தனை பேர் திறக்கின்றனர் என்பதையே இலாபமாகக் கணக்கிடும் வணிகருக்கு இம்முறை உவப்பாயிராது. தினமும் மணியடிப்பது அவர்களுக்கு நன்மை, வேருக்கு அன்று.

ஒளி, உரம் ஆகியவற்றை விரிக்க நேரம் இடந்தரவில்லை. பெயரைப் பற்றி மாத்திரம் ஒரு சொல். தமிழிலே செயலி ஆக்குவோர் சென்னை வழக்கை மட்டும் கொண்டு ‘செம்பருத்தி’ என்று எழுதிவிட்டால், நம் ஆச்சிமார் ‘செவ்வரத்தை’ என்று தேடிக் காணாமல் தொலைபேசியை வைத்துவிடுவர். சோற்றுக்கற்றாழையும் ஆனைக்கற்றாழையும் பேச்சில் வெறும் கற்றாழையாகிவிடுகின்றன. தாவரவியற் பெயர் ஒன்றின் கீழ் ஊர்ப்பெயர்கள் யாவற்றையும் சேர்த்தல் வேண்டும். அப்பெயர்கள் எந்தக் கணினியிலும் முழுமையாக இல்லை. அவற்றை அறிந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்; மாணவர்கள் குறிப்புப் புத்தகத்தோடு முதலில் அவர்களிடமே செல்லட்டும்.