கோபுரமும் கருவறையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பழம்பெரும் இந்துக் கோயில்களின் கட்டட அழகைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது நான் வெட்கமுற்றேன். மிஷன் பாடசாலையிற் பயின்றவன் நான். அங்கே எனக்கு அறிவூட்டிய ஆசிரியர்களை என்றும் மறவேன். கிரேக்கரின் தூண்கள் டோரிக், அயோனிக், கொரிந்தியன் என மூவகைப்படும் என்று பதின்மூன்று வயதிலேயே ஒப்புவிப்பேன். ஆனால், தோட்டத்துக் கோயிலில் நாள்தோறும் திருநீறு பூசி நின்ற எனக்கு, அக்கோயிலின் உறுப்புகளுக்கும் பெயருண்டு என்பது தெரியாது. அக்குறை ஆசிரியர்களுடையதன்று, கேளாதிருந்த என்னுடையது.

நம் சிற்ப நூல்கள் விமானத்திற்கு ஆறு உறுப்புகள் கூறுகின்றன. அடியிலே அதிட்டானம், அதன்மேல் தூணும் மாடமும் கொண்ட சுவர், சுவரின்மேல் பிரஸ்தரம், பின்னர் கண்டம், சிகரம், உச்சியிலே ஸ்தூபி. பாதம், உடல், தோள், கழுத்து, தலை, முடி என மனித உடலோடு இவற்றை ஒப்பிடுவதுண்டு. ஓர் உறுப்பின் அளவை ஒட்டியே மற்றதன் அளவு அமைகிறது. கோயிலின் அழகு மேலே பூசுவதன்று. அளவிலே பிறப்பது என்பதை இதனால் அறிகிறோம்.

உள்ளே செல்வோமாயின் மற்றோர் அழகைக் காணலாம். வெயில் காயும் வெளியிலிருந்து நிழல் தரும் மண்டபத்துக்கும், அங்கிருந்து இருள் சூழ்ந்த கருவறைக்கும் கால்கள் செல்கின்றன. இடம் குறுகுகிறது, ஒளி குறைகிறது, பேச்சு தானே அடங்குகிறது. முடிவில் ஒரு சிறு தீபம் மட்டுமே கண்ணில் நிற்கிறது. மனத்தை ஒருமுகப்படுத்தும் வித்தையைக் கல்லிலே செய்து காட்டினர் நம் ஸ்தபதிகள்!

சென்ற ஆண்டு நண்பர் இருவருடன் மகியங்கனை வழியாகப் பொலன்னறுவைக்குச் சென்றேன். இரண்டாம் சிவாலயம் எனத் தொல்பொருள் ஆய்வாளர் குறிக்கும் கோயிலை அங்கே கண்டேன். அது 11ஆம் நூற்றாண்டில், சோழர் ஆட்சியில் எழுந்தது. இராஜராஜனின் தேவியும் இராஜேந்திரனின் தாயுமான வானவன்மாதேவியின் பெயரால் வானவன்மாதேவி ஈச்சரம் எனப்பட்டது. தமிழ்க் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. இராஜராஜன் 1010இல் முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 216 அடி உயரமுடையது. பொலன்னறுவைக் கோயிலோ ஒரு தென்னையின் உயரமும் இல்லை! எனினும் அடிமுதல் சிகரம்வரை கல்லிலே, அளவு பிசகாமல் நிற்கிறது. அதன் முன் நின்றபோது, சிறியது என்ற எண்ணமே எனக்கு எழவில்லை.

தஞ்சையிலே விமானம் ஓங்கியது. கோபுரம் அதற்கு அடங்கி நின்றது. பின்வந்த காலத்தில் கோயிலைச் சுற்றித் திருச்சுற்றுகள் பெருகின; வெளி வாயிற் கோபுரங்களும் உயர்ந்தன. 1987இல் நிறைவுற்ற திருவரங்கத்து இராஜகோபுரம் 13 நிலைகளுடன் 236 அடி உயர்ந்து நிற்பது இவ்வளர்ச்சியின் முடியாகும். அங்கே ஏழு திருச்சுற்றுகள் உள்ளன. அவற்றுக்கு அக்கோபுரம் வாயிலாகிறது.

பெரியோர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். எங்கள் தோட்டத்துக் கோயிலை இடித்துவிட்டு, சீமெந்தினால் உயர்ந்த கோபுரம் எழுப்பிப் பல வர்ணம் தீட்ட வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. அக்கோயிலின் கருவறைக் கற்களை என் பாட்டனாரின் தகப்பனார் காலத்தவர்கள், கொழுந்து நிறுத்துக் கொடுத்த பின் மாலை வேளைகளில் ஆற்றிலிருந்து தோளிலே சுமந்து வந்தார்களாம். கோபுரம் கேட்போரை நான் குறை கூறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் பிறந்து வளர்ந்த மக்கள், தமக்கென உயர்ந்த பொருள் ஒன்றேனும் வேண்டும் என எண்ணுவது நியாயமே. மலைமேல் தொழிற்சாலை உயர்ந்து நிற்க, நம் சாமி மட்டும் தகரக் கூரையின் கீழா என்று என் தாயாரே கேட்டார். உடனே விடை சொல்ல என் நா எழவில்லை.

இன்று விடை சொல்கிறேன். நம் ஊவாவிலேயே கதிர்காமம் இருக்கிறது. அங்கே கந்தன் வீற்றிருக்கும் ஆலயத்திலே விண்முட்டும் கோபுரமில்லை. எளிய கட்டடமும், கருவறையை மறைக்கும் திரையுமே உண்டு. ஆயினும் காட்டு வழியே நடந்து வரும் அடியார் கூட்டம் குறைந்ததா? உயரத்தால் வருவதன்று கோயிலின் பெருமை.

ஆகவே மூன்று விண்ணப்பங்கள். தோட்டக் கோயில் எதனையும் இடிக்குமுன் ஆகமம் அறிந்த ஸ்தபதி ஒருவரை அழைத்து அளவு பார்ப்போம். பழைய கருவறையைக் காத்து, மழை ஒழுகாத மண்டபத்தை அதன்முன் கட்டுவோம். இளைஞர்களாகிய நாம், ஒவ்வொரு கோயிலையும் யார் கட்டினார், எப்படிக் கட்டினார் என்று முதியோரிடம் கேட்டு எழுதி வைப்போம். அவர்கள் மறைந்தால் அவ்வரலாறும் மறையும். அதற்குக் கல்வெட்டு இல்லை.

பொலன்னறுவையில் பெயர் பெற்றவர் அரசமாதேவி. நம் கோயில்களுக்குக் கல் சுமந்தவரோ பெயரற்ற தொழிலாளர். அவர்கள் வைத்த கல்லை நாமே பெயர்க்கலாமா? சிந்தியுங்கள்.