பள்ளிக்கூடம் திறக்கத் தேதி மட்டும் போதுமா?

(ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தொற்று நோய்க் காலத்தில் மூடிய பள்ளிக்கூடத்தை மறுபடி எப்படித் திறப்பது என்று பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். 2020-ம் ஆண்டு கொரோனா வந்தபோது உலகமே இந்தக் கேள்வியை எதிர்நோக்கியது. நம்மூர்க் கதையை இன்னொரு நாள் பேசலாம். இன்று அமெரிக்காவின் மூன்று நகரங்களைப் பார்ப்போம். காரணம் இருக்கிறது. அங்கே பணத்துக்குப் பஞ்சமில்லை, விஞ்ஞானிகளுக்குப் பஞ்சமில்லை, கம்ப்யூட்டருக்கும் பஞ்சமில்லை. அப்படியிருந்தும், குழந்தை உட்காரும் அறையின் ஜன்னல் திறக்குமா திறக்காதா என்று தெரிந்துகொள்ளும் முன்பே திறப்புத் தேதியைக் குறித்துவிட்டார்கள்!

அந்நாட்டுப் பள்ளி நிர்வாகத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. அங்கே பள்ளிகளை நடத்துவது மத்திய சர்க்கார் அல்ல. நாடு முழுவதும் சுமார் 13,000 பள்ளி வட்டாரங்கள் உண்டு. பள்ளிச் செலவில் பெரும் பங்கு அந்தந்த ஊரின் சொத்து வரியிலிருந்து வருகிறது. பங்களாக்கள் நிறைந்த ஊரில் பள்ளிக்கூடமும் பங்களா மாதிரி இருக்கும். ஏழைகள் வாழும் ஊரில் கூரை ஒழுகும். இது கொரோனா கொண்டுவந்த வியாதி அல்ல, பழைய வியாதி. 2020 ஜூன் மாதம் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நூற்றுக்கு 41 வட்டாரங்களில், குறைந்தது பாதிப் பள்ளிகளிலாவது காற்றோட்ட, வெப்பச் சாதனங்களைப் பழுது பார்க்கவோ மாற்றவோ வேண்டியிருக்கிறது என்று அது கூறியது. சுமார் 36,000 பள்ளிகள்! காற்றின் வழியே பரவும் நோய் வந்து வாசலில் நிற்கிறது. 36,000 பள்ளிகளில் காற்று சரியில்லை. இதுதான் பிரச்னையின் உயிர்நாடி.

நியூயார்க்கில் நடந்தது

நியூயார்க் அந்நாட்டின் மிகப் பெரிய பள்ளி வட்டாரம். 2020-ல் சுமார் 11 லட்சம் மாணவர்கள். அவர்களில் நிலையான வீடில்லாத குழந்தைகள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். 2020 மார்ச் 16-ம் தேதி பள்ளிகள் மூடப்பட்டன. அந்த வசந்த காலத்தில் மட்டும் கல்வி இலாகா ஊழியர்கள் 70 பேருக்கு மேல் கொரோனாவில் மாண்டார்கள். ஆசிரியர்கள், உதவியாளர்கள், அலுவலகச் சிப்பந்திகள் எல்லோரும் அதில் உண்டு. பிற்பாடு "ஆசிரியர்கள் பயந்தாங்கொள்ளிகள், சோம்பேறிகள்" என்று சில பத்திரிகைகள் கூப்பாடு போட்டனவே, அப்போது இந்த மரணங்களை நினைத்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

மேயர் டி பிளாசியோ செப்டம்பர் 10-ம் தேதி பள்ளிகள் திறக்கும் என்று அறிவித்தார். பெரும்பாலான பெருநகரங்கள் இணைய வழியில் வகுப்பைத் துவக்க முடிவு செய்திருந்த நேரம் அது. திறக்க வேண்டும் என்று அவர் நினைத்ததில் தவறில்லை. பள்ளிக்கூடத்தில்தான் ஏழைக் குழந்தைக்குச் சாப்பாடு கிடைக்கிறது. தாய் வேலைக்குப் போக முடிகிறது. ஆனால் திட்டத்தில் என்ன இருந்தது? தினமும் இரவில் மேஜை நாற்காலிகளுக்கு மருந்து தெளிப்போம் என்றார்கள். காற்றைப் பற்றி? வகுப்பறைகளுக்கு ஆட்களை அனுப்பி, ஒரு குச்சியின் நுனியில் கழிப்பறைக் காகிதத்தைக் கட்டி, காற்றுத் துவாரத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்கள். சிரிக்கிறீர்கள்! குச்சியில் தவறில்லை. காகிதம் ஆடினால் காற்று வருகிறது என்று தெரியும். எவ்வளவு காற்று, முப்பது பேர் மூச்சு விடும் அறைக்கு அது போதுமா என்பதைக் காகிதம் சொல்லாது.

ஆசிரியர் சங்கம் 50 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தது. ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு நர்ஸ் வேண்டும், முகக்கவசம் இருப்பில் இருக்க வேண்டும், காற்றோட்டம் சோதிக்கப்பட வேண்டும், மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் நோய்ப் பரிசோதனை நடக்க வேண்டும். பட்டியல் நிறைவேறாத கட்டடத்துக்குள் கால் வைக்க மாட்டோம் என்றார் சங்கத் தலைவர் மல்குரூ. அந்த மாநிலத்தில் சர்க்கார் ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது 1967-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நிறுத்தம் செய்த ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் சம்பளம் போகும். அது தெரிந்தும் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானார்கள். வாக்கெடுக்கவிருந்த அன்றே, செப்டம்பர் 1-ம் தேதி, மேயர் இறங்கி வந்தார். திறப்பு 21-ம் தேதிக்கு ஒத்திப்போடப்பட்டது. ஒவ்வொரு பள்ளியிலும் மாதந்தோறும் 10 முதல் 20 சதவீதம் பேருக்குப் பரிசோதனை நடத்துவது என்று முடிவாயிற்று.

அதோடு தீர்ந்ததா? இல்லை. கணக்கு உதைத்தது. ஆறடி இடைவெளி விட்டால் ஓர் அறையில் 9 முதல் 12 குழந்தைகள்தான் உட்கார முடியும். ஆகவே வகுப்பைப் பிரித்து முறை வைத்து வரச் சொன்னார்கள். அறையில் இருப்பவர்களுக்கு ஓர் ஆசிரியர், அன்று வீட்டில் இருப்பவர்களுக்கு ஓர் ஆசிரியர், வீட்டிலிருந்தே படிக்கிறோம் என்றவர்களுக்கு இன்னோர் ஆசிரியர். ஒருவர் செய்த வேலைக்கு மூன்று பேர் தேவை! இதைச் சொல்லப் பெரிய நிபுணர் வேண்டாம். டைம் டேபிள் போடும் எந்தத் தலைமையாசிரியரும் ஐந்து நிமிஷத்தில் சொல்வார். அவர்கள் சொல்லவும் செய்தார்கள். தலைமையாசிரியர் சங்கம் 10,000 ஆசிரியர்கள் கூடுதலாக வேண்டும் என்றது. மேயர் முதலில் 2,000 பேர் என்றார். திறப்புக்கு நாலு நாள் இருக்கும்போது, 17-ம் தேதி, மேலும் 2,500 பேர் என்று சொல்லி, தேதியை மறுபடி தள்ளிப் போட்டார். சிறு குழந்தைகளும் விசேஷப் பள்ளி மாணவர்களும் 21-ம் தேதி, தொடக்கப் பள்ளிகள் 29-ம் தேதி, மற்றவை அக்டோபர் 1-ம் தேதி என்று கடைசியில் திறந்தார்கள். லீவு சொல்லி, வேலை நேரத்தை மாற்றி, பாட்டியை வரவழைத்து ஏற்பாடு செய்திருந்த தாய்மார்களின் கதியை எண்ணிப் பாருங்கள்.

திறந்த பிறகு பள்ளிக்குள் நடந்த சோதனைகளில் நோய் கண்டவர்கள் நூற்றுக்குக் கால் பேர்கூட இல்லை. முகக்கவசமும் இடைவெளியும் பரிசோதனையும் வேலை செய்தன. ஆனால் நவம்பர் 19-ம் தேதி எல்லாப் பள்ளிகளும் திரும்ப மூடப்பட்டன! ஏன்? நகரம் முழுவதிலும் நடக்கும் பரிசோதனையில் நோய் விகிதம் 3 சதவீதத்தைத் தொட்டால் பள்ளிகளை மூடுவது என்று முன்பே விதித்திருந்தார்கள். சங்கமும் இதற்கு உடன்பட்டிருந்தது. என் அபிப்பிராயத்தில் இது தவறான அளவுகோல். பள்ளிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பள்ளிக்குள் அளக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அன்று நகரத்தின் ஹோட்டல்களில் உள்ளே உட்கார்ந்து சாப்பிட அனுமதி இருந்தது. டிசம்பர் 14-ம் தேதிதான் அது நின்றது. குழந்தைக்குப் பாடம் கிடையாது, பணம் உள்ளவனுக்கு மேஜை உண்டு! டிசம்பர் 7-ம் தேதி தொடக்கப் பள்ளிகள் திறந்தன, வாராவாரம் பரிசோதனையோடு. உயர்நிலைப் பள்ளிகள் திறக்க 2021 மார்ச் 22-ம் தேதி ஆயிற்று.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்நகரப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகள் வெள்ளைக் குழந்தைகளைவிட அதிகம். ஆனால் 2020-ல் நேரில் திரும்பி வந்தவர்களில் வெள்ளைக் குழந்தைகளே அதிகம். கறுப்பினத் தாய் கல்வியில் அக்கறை இல்லாதவளா? தெருவில் வீட்டுக்கு வீடு சாவைப் பார்த்தவள் அவள். கைகழுவச் சோப்பில்லாத பள்ளியை நோய்க்கு முன்பே அறிந்தவள். திடீரென்று ஒரு நாள் மேயர் டெலிவிஷனில் தோன்றி "எல்லாம் சரியாகிவிட்டது, அனுப்புங்கள்" என்றால் நம்புவாளா?

காற்றுக்காக ஒரு சண்டை

பிலடெல்பியாவில் கதை இன்னும் பச்சையாகத் தெரிந்தது. 2021 பிப்ரவரியில் சிறு வகுப்புகளைத் திறக்க ஏற்பாடு. காற்றோட்டச் சாதனம் இல்லாத வகுப்பறைகளுக்கு நிர்வாகம் கண்டுபிடித்த வழி, ஜன்னலில் ஒரு மின்விசிறியை மாட்டுவது. வெளியே உறைபனிக் காலம்! பிப்ரவரி 8-ம் தேதி ஆசிரியர்கள் உள்ளே போக மறுத்தார்கள். பலர் பள்ளி வாசலில், குளிரில், கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்கள். பாடம் நிற்கவில்லை, கவனியுங்கள். பிறகு நடுநிலையாளர் ஒருவர் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. பள்ளி பள்ளியாகச் சரிபார்த்து, மார்ச் 8-ம் தேதி முதல் படிப்படியாகத் திறந்தார்கள். ஜன்னல் விசிறி போய்க் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வந்தது.

இது செய்ய முடியாத காரியமா? 2020-லேயே கோர்சி, ரோசந்தால் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு வழி சொன்னார்கள். நாலு வடிகட்டிகளைச் சதுரமாக நிறுத்தி, மேலே ஒரு சாதாரண மின்விசிறியை வைத்து ஒட்டினால், அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டி தயார். செலவு நூறு டாலருக்குள். பல ஊர்களில் பெற்றோரும் மாணவருமே செய்து வைத்தார்கள். அறையில் நாம் விடும் மூச்சு தேங்குகிறதா என்று அறியக் கரியமில வாயு மீட்டர் போதும். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு 400 பங்கைச் சற்றுத் தாண்டி இருப்பது, அடைத்த அறையில் மளமளவென்று ஏறும். ஜார்ஜியா மாநிலத்தில் 2020 இறுதியில் 169 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்தார்கள். காற்றோட்டத்தைச் சீர்செய்த பள்ளிகளில் நோய் 39 சதவீதம் குறைவு. ஆசிரியர்களும் ஊழியர்களும் முகக்கவசம் கட்டாயமாக அணிந்த பள்ளிகளில் 37 சதவீதம் குறைவு. நியூயார்க்கில் வகுப்பறைக்கு இரண்டு சுத்திகரிப்புக் கருவி என்ற ஏற்பாடு 2021 செப்டம்பரில்தான் வந்தது, ஒரு முழு வருஷம் கழித்து.

சிகாகோ ஒப்பந்தம்

சிகாகோவில் 2021 ஜனவரியில் நிர்வாகம் கண்டிப்பு காட்டியது. பள்ளிக்கு வராத ஆசிரியர்களின் சம்பளத்தை நிறுத்தியது. வீட்டிலிருந்து பாடம் நடத்த முடியாதபடி அவர்களுடைய கம்ப்யூட்டர்க் கணக்கையும் பூட்டியது. "பாடம் நடத்து" என்று சொல்லிக்கொண்டே பாடம் நடத்துவதைத் தடுத்த விசித்திரம்! யூனியனில் 71 சதவீதம் பேர் உள்ளே போக மாட்டோம் என்று வாக்களித்தார்கள். பிப்ரவரியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. பள்ளி ஊழியர்களுக்கு வாரத்துக்கு 1,500 தடுப்பூசி. வீட்டில் நோயாளி உள்ளவர்களுக்கு விலக்கு. நோய் எந்த அளவுக்கு ஏறினால் வகுப்பு நிற்கும் என்பதற்கு எழுத்தில் விதி. பள்ளிதோறும் பாதுகாப்புக் கமிட்டி. இந்தக் கடைசி அம்சம்தான் என் மனதுக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தலைமை அலுவலகத்தில் இருப்பவருக்கு மூன்றாம் மாடி ஜன்னல் பெயிண்ட் ஒட்டிக்கொண்டு திறக்காது என்பது தெரியாது. அங்கே கூட்டுகிற தொழிலாளிக்குத் தெரியும். ஒரு வருஷத்துக்குள் 2022 ஜனவரியில், ஒமிக்ரான் பரவிய நேரத்தில், பரிசோதனை போதவில்லை என்று மறுபடி தகராறு வந்து ஐந்து நாள் வகுப்பு நின்றது. ஒப்பந்தம் கையெழுத்தானால் சங்கடம் தீர்ந்தது என்று யாரும் எண்ண வேண்டாம்.

லீவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021 மே மாதம் கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளி. தடுப்பூசி போடாத ஓர் ஆசிரியர், உடம்பு சரியில்லாமலே இரண்டு நாள் வேலைக்கு வந்தார். கதை வாசிக்கும்போது முகக்கவசத்தைக் கழற்றினார். 24 குழந்தைகளில் 12 பேருக்கு நோய் தொற்றியது. முன் இரண்டு வரிசையில் பத்துக்கு எட்டுப் பேர். ஆசிரியரைத் திட்டுவது சுலபம். காய்ச்சல் கண்டவர் கூச்சமின்றி, சம்பள இழப்பின்றி வீட்டில் இருக்க முடிகிறதா, அவர் இடத்துக்கு வர மாற்று ஆசிரியர் உண்டா என்று பார்ப்பதுதான் திட்டம். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் கொண்டுவந்த சம்பளத்தோடு கூடிய அவசர விடுப்பு, முதலாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமாக இருந்தது அவ்வாண்டு டிசம்பர் 31 வரைதான். நோய் போகவில்லை, சட்டம் போய்விட்டது! பள்ளி பஸ் ஓட்டுகிறவர், சமையல் செய்கிறவர், பிள்ளையை ஜுரத்தோடு வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டிய தாய், எல்லோரையும் இது பாதித்தது.

பணம் வந்தது. 2021 மார்ச்சில் ஒரே சட்டத்தில் பள்ளிகளுக்குச் சுமார் 12,200 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அப்படியானால் பணம் இருந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்த முதல் கோடையில் ஜன்னலைச் சீர்செய்ய அதைக் கொடுக்கத்தான் மனமில்லை. அதுவும் ஒரே தடவை கிடைத்த பணம். 2024 செப்டம்பர் 30-ம் தேதிக்குள் எதற்கென்று ஒப்பந்தம் செய்யாத தொகை திரும்பிப் போக வேண்டும் என்பது விதியாக இருந்தது. சாதனத்தை அந்தப் பணத்தில் வாங்க முடிந்தது. வருஷா வருஷம் வடிகட்டி மாற்றும் செலவும் அதைப் பராமரிக்கும் தொழிலாளியின் சம்பளமும் பழையபடி சொத்து வரியிலிருந்துதான் வர வேண்டும்.

நேரமாகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். துப்புரவுத் தொழிலாளர் பக்கமிருந்து முதலில் கேட்கட்டும்.