ரப்பர் பாலும் பேய் முகமும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"அமெரிக்காவுல என்னப்பா பண்ணுற?" என்று காலையிலிருந்து எல்லாரும் கேட்டாச்சு. ஓய்வு பெற்ற பிறகு பேய் முகமூடிக்குப் பெயின்ட் அடிக்கிறேன். சிரிக்காதீங்க.

அங்கே அக்டோபர் 31 ஹாலோவீன். பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடுவீடாக மிட்டாய் கேட்டு வருவார்கள். பேரனுக்காக வண்ணம் பூசாத லேடெக்ஸ் முகமூடி ஒன்று வாங்கினேன். லேடெக்ஸ் வேறொன்றுமில்லை, நம்ம குலசேகரம் பக்கம் சிரட்டையில் வடிகிற ரப்பர் பால்தான். அக்ரிலிக் வண்ணத்தை அப்படியே அதன்மேல் பூசினேன். பச்சை முகம், சிவப்பு வாய், கறுப்புக் கண். "திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி.

பேரன் இழுத்து மாட்டினான். நாலாவது வீட்டைத் தாண்டுவதற்குள் பெயின்ட் செதில்செதிலாக உதிர்ந்து பாதி முகம் வெளுத்துவிட்டது. "பரவாயில்லை தாத்தா" என்றான். அந்தச் சொல்தான் என்னைத் தைத்தது. ரப்பர் இழுபடும், வண்ணப் படலம் அந்த அளவுக்கு இழுபடாது. வேதியியல் படித்தவன் இதை யோசித்திருக்க வேண்டாமா?

அடுத்த வருஷம் முதலில் முகமூடியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அச்சில் தடவிய பவுடரும் பிசுக்கும் இருந்தால் எதுவும் ஒட்டாது. பிறகு அக்ரிலிக்கோடு திரவ லேடெக்ஸை ஏறக்குறையச் சரிபாதி கலந்தேன். டப்பாவைத் திறந்ததும் அம்மோனியா நெடி, கண்ணை மூடினால் ஊர்! ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கலவை ஈரத்தில் வெளிறியிருக்கும், காய்ந்தால் கறுக்கும். அதனால் ஓரத்தில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பூசணும். தூரிகையை முதலில் சோப்புத் தண்ணீரில் நனைக்காவிட்டால் அன்றோடு அது குப்பை. நான் மூன்றைக் குப்பையில் போட்டேன்.

சாம்பல் கலந்த மஞ்சளை ஸ்பஞ்சால் ஒற்றி ஒற்றி அடிவண்ணம் கொடுத்தேன். அது காய்ந்ததும் கரும்பழுப்புக் கலவையைத் தண்ணீராகக் கரைத்து முகம் முழுக்கத் தடவி, உடனே ஈரத்துணியால் துடைக்கணும். மேட்டில் உள்ளது போய்விடும். சுருக்கத்திலும் கண்குழியிலும் உள்ளது தங்கிவிடும். பூசியதைத் துடைக்க எனக்கு முதலில் மனசே வரவில்லை. துடைத்த பிறகுதான் அந்த ரப்பருக்கு வயசு வந்தது! அப்புறம் வெளிறிய வண்ணத்தைத் தூரிகையில் தொட்டு, அதையும் துணியில் துடைத்துவிட்டு, மூக்குத்தண்டிலும் கன்ன எலும்பிலும் லேசாக உரசணும். கண்ணோரம் துளி செம்மை. இரத்தம் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

1978இல் வந்த 'ஹாலோவீன்' படத்துக்கு டாமி லீ வாலஸ் என்பவர், 'ஸ்டார் டிரெக்' கேப்டன் கிர்க் முகமூடியை வாங்கி, புருவத்தை எடுத்து, கண் துளையைப் பெரிதாக்கி, வெள்ளை ஸ்பிரே அடித்தார். அவ்வளவுதான். அந்த வெறும் முகத்துக்கு இன்றும் பயப்படுகிறார்கள்.

கடைசியில் டால்கம் பவுடர் போடணும், இல்லாவிட்டால் ரப்பர் ரப்பரோடு ஒட்டிக்கொள்ளும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த வேலைக்கே வரவேண்டாம்.

அந்த ஹாலோவீன் அன்று பேரன் அதை மாட்டிக்கொண்டு இருட்டு வராந்தாவில் நின்றான். பூசியவன் நான், ஆனாலும் ஓரடி பின்னால் போனேன். ஊரைச் சுற்றிவிட்டு வந்தான், ஒரு செதில் உதிரவில்லை.

வண்ணம் பூசாத முகமூடி இரண்டு பையில் இருக்கிறது. மாணவர்கள் சாயங்காலம் வேதியியல் துறை வராந்தாவுக்கு வாங்க. தூரிகை நான் தருகிறேன், சோப்பு நீங்க கொண்டு வரணும்.