கதவு திறந்தால் போதுமா?



மாற்றுத்திறனுடைய குழந்தைகளுக்குத் தனிப்பள்ளி கட்டினோம். தேர்ந்த ஆசிரியரை அமர்த்தினோம். இனி என்ன குறை என்று கேட்பார் உளர். குறை ஒன்று உண்டு! அடுத்த வீட்டுப் பிள்ளையோடு அமர்ந்து படிக்கும் உரிமை அங்கே இல்லை.

இத்தாலி இதனை உணர்ந்தது. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுப்பள்ளியின் கதவைத் திறந்தது. கதவு திறந்தால் போதுமா? உள்ளே வந்த பிள்ளைக்குத் துணையில்லையேல் அது படிப்பா, வெறும் இருப்பா? ஆகவே 1977-இல் 517-ஆம் எண் சட்டம் பிறந்தது. பிரித்து வைத்த வகுப்புகள் ஒழிந்தன. இப்பிள்ளைகள் பயிலும் வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது என விதித்தது அச்சட்டம். சிறப்புப் பயிற்சி பெற்ற துணையாசிரியரையும் பள்ளிக்கு அனுப்பியது. 1987-இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் உயர்நிலைப் பள்ளியிலும் இவ்வுரிமையை நிலைநாட்டியது.

ஜெர்மனியைப் பாருங்கள்! மாற்றுத்திறனாளிகள் உரிமை குறித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2009-இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. தனிப்பள்ளிகளோ இன்றும் நிலைத்திருக்கின்றன. செல்வம் இல்லாத நாடா அது? இல்லை! பிரித்து வைப்பதே பரிவு என்னும் பழைய எண்ணம் எளிதில் அகல்வதில்லை.

எனவே, எத்தனை பள்ளி கட்டினார்கள் என்று மட்டும் கேளாதீர்கள். வகுப்பில் எத்தனை பிள்ளைகள், துணைக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று கேளுங்கள்! கருணை கட்டடம் தரும். உரிமைதான் பக்கத்தில் இடம் தரும்!