ஷாஃபான்: சொல்லும் விலங்கும்



விவிலிய விலங்குப் பெயர்களை ஆராயக் கூடியுள்ள இக்கருத்தரங்கின் முதல் அமர்வு 'ஷாஃபான்' என்னும் எபிரேயச் சொல்லைக் கொண்டு தொடங்குவது பொருத்தமே. விலங்கின் பெயராக நான்கு இடங்களில் மட்டுமே வரும் இச்சொல், லேவியராகமம் 11, உபாகமம் 14 ஆகிய உணவு விதிகளில் அசைபோட்டாலும் விரிகுளம்பு இல்லாமையால் விலக்கப்பட்ட உயிராகவும், சங்கீதம் 104இல் பாறைகளில் அடைக்கலம் பெறுவதாகவும், நீதிமொழிகள் 30இல் வலிமையற்றிருந்தும் பாறையில் வீடமைக்கும் அறிவுடையதாகவும் காட்டப்படுகிறது. எந்த விளக்கமும் இவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.

முயல் என்ற விளக்கம் ஒத்துப்போகவில்லை. லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியமும் வளைதோண்டும் முயலின் பெயரையே இட்டன. ஆனால் அம்முயலின் இயற்கைத் தாயகம் ஐபீரியத் தீபகற்பமும் அதை அடுத்த பகுதிகளுமே. அது குடைவதும் மண்ணையே, பாறையை அன்று. தமிழ் விவிலியத்தின் 'குழிமுசல்' இவ்வழியில் வந்ததே. நீதிமொழிகளின் மூலத்தில் பாறையில் வீட்டை 'அமைத்தல்' என்றிருக்க, தமிழில் 'தோண்டுதல்' புகுந்தது. பெயர் பிழைத்தபோது வினையும் அதன்வழி திரிந்தது. பெத்லகேமில் வாழ்ந்த இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் ஜெரோமும் நீதிமொழிகளில் முயற்குட்டி என்றே பெயர்த்தார். ஆயினும் தம் கடிதமொன்றில் எலியையும் கரடியையும் ஒத்த, பாலஸ்தீனத்துப் பாறைப் பிளவுகளில் வாழும் சிறு விலங்கு என அதைச் சரியாக வருணித்திருக்கிறார்.

அவ்வருணனைக்கு உரியது ஹைராக்ஸ். வால் வெளித்தெரியாத, முயலளவே உள்ள இவ்விலங்கு, உறவுமுறையில் கொறிவிலங்குகளைவிட யானைக்கும் கடற்பசுவுக்கும் நெருங்கியது. சாக்கடலோர எங்கேதிப் பாறைகளில் கூட்டமாக வெயில்காயும் இது, ஈரப்பசையுள்ள மெத்தென்ற உள்ளங்கால்களால் வழுக்குப்பாறையையும் பற்றி ஏறும். இடர் கண்டால் பிளவுகளுக்குள் மறையும். தானே வளை தோண்டுவதில்லை. மாட்டைப்போல் இரையை மீட்டு மெல்லும் வயிறு இதற்கு இல்லையெனினும், தாடையைப் பக்கவாட்டில் அசைக்கும் பழக்கம் அசைபோடும் தோற்றம் தரக்கூடியது. விதிநூல் கண்ணுக்குத் தெரிந்ததையே சொல்லியது எனக் கொள்ள இடமுண்டு. 1738இல் தாமஸ் ஷா தம் பயண நூலில் ஷாஃபான் இவ்விலங்கே என்றார். தென் அரேபியச் செமித்திய மொழிகளில் இதே வேரிலிருந்து பிறந்த சொல் ஹைராக்ஸையே குறிப்பது, அம்முடிவுக்கு மொழியியலும் துணைநிற்பதைக் காட்டுகிறது. இன்றைய எபிரேயப் பேச்சுவழக்கில் ஷாஃபான் முயலைக் குறிப்பது பிற்கால வழக்கு. தொன்மைப் பொருளுக்கு அது சான்றாகாது.

ஆகவே மூலநூலின் வருணனை, உறவுமொழிகளின் சான்று, அந்நிலத்தின் உயிரியல் ஆகிய மூன்றும் ஒருங்கே இசையும் முடிவையே ஒரு சொல்லின் பொருளாக ஏற்க வேண்டும்; அகராதிக்கு அகராதி கைமாறிவந்த பொருள் மட்டும் போதாது. இங்கு வாசிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் இம்மூன்றாலும் சோதிக்கப்பட வேண்டும் என்பதும், இனி வரும் தமிழ் விவிலியப் பதிப்புகள் 'குழிமுசல்' என்னுமிடத்தில் ஹைராக்ஸ் என்ற அடிக்குறிப்பையேனும் சேர்க்க வேண்டும் என்பதும் இவ்வவையின் முன் வைக்கப்படும் வேண்டுகோள்.