இதுவும் கைநாட்டுத்தான்



செல்போன் இன்று பல வீடுகளில் இருக்கிறது. அதில் பலரும் முகநூல் பார்க்கிறார்கள். இதற்குக் கட்டணம் இல்லை. அப்படியானால் அந்தக் கம்பெனிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

விளம்பரத்திலிருந்து வருகிறது. யாருக்கு எந்த விளம்பரம் காட்டலாம்? அதை அறிய, ஒவ்வொருவரைப் பற்றியும் கம்பெனி குறித்து வைக்கிறது. எந்தப் படம் பிடித்தது? எவ்வளவு நேரம் பார்த்தார்? யாரோடு பழகுகிறார்? எல்லாம் பதிவாகிறது.

முகநூலுக்கு வெளியே போனாலும் இது நிற்பதில்லை. ஒரு பெண் செல்போனில் குழந்தைத் துணிக் கடையைப் பார்க்கிறார். அந்தக் கடை முகநூலுக்குத் தகவல் அனுப்பலாம். பிறகு முகநூலில் குழந்தைத் துணி விளம்பரம் வரும். தாம் கர்ப்பம் என்று அவர் வீட்டாருக்கே இன்னும் சொல்லியிருக்க மாட்டார்!

335 பேர் திறந்த கதவு

2013-ஆம் ஆண்டு முகநூலில் ஒரு செயலி வந்தது. சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் உங்கள் குணத்தைச் சொல்லும். விளையாட்டுப் போல இருந்தது. ஆனால் பதில் சொன்னவரின் தகவலோடு அது நிற்கவில்லை. அவருடைய நண்பர்களின் தகவலையும் எடுத்தது. அதில் ஒரு பகுதி கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்ற தேர்தல் வேலை செய்யும் கம்பெனிக்குப் போனது. 2018-இல் இது பெரிய செய்தியானது.

இந்தியாவில் அந்தச் செயலியைச் சேர்த்துக்கொண்டவர்கள் 335 பேர்தான். தகவல் போயிருக்கக் கூடியவர்களோ சுமார் 5 லட்சத்து 62 ஆயிரம் பேர்! இது முகநூல் கம்பெனியே சொன்ன கணக்கு. 335 பேரைத் தவிர மற்ற யாரும் சம்மதம் சொல்லவில்லை. அவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

ஒண்டுக்குடித்தன வீட்டில் ஒருவர் வாசல் கதவைத் திறந்து போட்டால் போதும். எல்லார் வீட்டுக்குள்ளும் திருடன் நுழையலாம். இதுவும் அப்படித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கர்நாடகத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி ஒரு வழக்குப் போட்டார். அதில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தரங்கம் ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகளும் கூறினார்கள். 2023-இல் தகவல் பாதுகாப்புக்குத் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் சட்டம் மட்டும் போதாது. கையில் இருக்கும் கதவை அவரவரே பூட்ட வேண்டும்.

என்ன செய்யலாம்?

1. செயலி கேட்கும் அனுமதியைப் படியுங்கள். டார்ச் விளக்குச் செயலிக்கு உறவினர்களின் போன் நம்பர் எதற்கு? கொடுக்காதீர்கள்.

2. முன்பே கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறலாம். போனில் 'செட்டிங்ஸ்' பகுதிக்குப் போங்கள். எந்தச் செயலி உங்கள் இருப்பிடத்தைப் பார்க்கிறது என்று அங்கே தெரியும். தேவை இல்லையென்றால் நிறுத்துங்கள்.

3. குணம் சொல்கிறேன், ராசி சொல்கிறேன் என்று கேள்வி கேட்கும் விளையாட்டுகளை விட்டுவிடுங்கள்.

4. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் படத்தைப் போடாதீர்கள்.

5. பிறருடைய படத்தைப் போடும் முன் அவரைக் கேளுங்கள்.

எழுத்தறியாத காலத்தில் பலர் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார்கள். என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. நிலத்தை இழந்தவர்களும் உண்டு. இன்று அதே பெருவிரல் செல்போனில் 'சரி' என்று அழுத்துகிறது. படிக்காமல் அழுத்தினால் இதுவும் கைநாட்டுத்தான்.

இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். முதலில் படியுங்கள். பிறகு அழுத்துங்கள். புரியாவிட்டால் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள்.